பெரட்டும் ஊர்வலமும்

(ஆலய ஆண்டுத் திருவிழாவை முன்னிட்டு ஈப்போவில் ஆற்றப்பெற்ற சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று இரவு சுவாமி வீதி உலா புறப்பட இருக்கின்றது. மேளம் முழங்கும், தீபங்கள் ஒளிரும், அன்பர்கள் வரிசையாக நடந்து செல்வர். இதனை மலாய் மொழியில் ‘பெராராக்கான்’ என்பர். தமிழில் ஊர்வலம், புறப்பாடு, திருவீதி உலா என்றெல்லாம் வழங்குவர். ஆங்கிலம் கற்ற இளைஞர்களோ ‘பரேட்’ என்று சொல்லக் கேட்கிறோம். அந்த ஆங்கிலச் சொல் பேராக் மாநிலத் தமிழருக்குப் புதியதன்று. அவர்களுடைய பாட்டன் பாட்டிமார் ஒவ்வொரு நாளும் பொழுது புலரும் முன்பே அச்சொல்லைக் கேட்டு எழுந்தவர்கள். அன்று அதன் பெயர் ‘பெரட்டு’.

அச்சொல் எங்கிருந்து வந்தது, என்ன பொருளைச் சுமந்து வந்தது, திருவிழா நாளில் அதனை எண்ணிப் பார்ப்பதனால் விளையும் பயன் யாது என்பனவே இவ்வுரையின் பொருளாகும்.

சொல் வந்த வழி

‘பெரட்டு’ என்பதற்கும் வஞ்சகத்தைக் குறிக்கும் ‘புரட்டு’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ‘லைன்’ என்ற ஆங்கிலச் சொல் தோட்டத் தமிழரின் நாவில் ‘லயம்’ ஆனது போலவே, ‘பரேட்’ என்ற சொல் ‘பெரட்டு’ ஆயிற்று. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதே சொல் ‘பிரட்டு’ என வழங்கியது. தொழிலாளர் கூடி நின்ற இடத்திற்கு அங்கே ‘பிரட்டுக்களம்’ என்று பெயர். கடலால் பிரிந்த இரு நாட்டுத் தமிழரும் ஒரே சொல்லை ஒரே துன்பத்தின் வழியாகக் கற்றுக்கொண்டனர்.

ஆங்கிலத்திற்கு அச்சொல் 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியினின்று வந்து சேர்ந்தது. பிரெஞ்சில் ‘பரேர்’ என்னும் வினைக்கு ஆயத்தம் செய்தல், அலங்கரித்தல் என்பன பொருள். ஸ்பானிய மொழியில் அதன் உறவுச் சொல்லான ‘பராடா’ என்பதற்கு நிற்றல், நிறுத்துதல் என்பன பொருள். இவை யாவும் ‘பராரே’ என்னும் இலத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. அவ்வேருக்கு ஆயத்தப்படுத்துதல் என்பதே முதற்பொருள். ஆங்கிலத்தில் ஆயத்தம் செய்தலைக் குறிக்கும் ‘பிரிப்பேர்’, பழுதினைச் செப்பனிடுதலைக் குறிக்கும் ‘ரிப்பேர்’ ஆகிய சொற்களும் இதே வேரில் முளைத்தவையே.

ஆக, அச்சொல்லினுள் மூன்று பொருள்கள் அடங்கியுள்ளன. முதலாவது ஆயத்தம்; இரண்டாவது நிறுத்தம்; மூன்றாவது காட்சி. ஆங்கிலேயர் அதனைக் கையாண்டபோது முதல் இரண்டும் பின்னுக்குச் சென்றன. வேண்டுமென்றே பிறர் காணும்படி காட்டுதல் என்னும் மூன்றாம் பொருளே முன்னுக்கு வந்தது. படைவீரரை அணிவகுத்துக் காட்டுவதும் பரேட் எனப்பட்டது. ஒருவன் தன் செல்வத்தையும் புலமையையும் மற்றவர்முன் விரித்துக் காட்டுவதும் பரேட் எனப்பட்டது.

விடியுமுன் நின்ற வரிசை

1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வரப்பட்ட ரப்பர்க் கன்றுகள் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அக்கன்றுகளுள் ஒன்று இன்றும் முதுமரமாக அவ்வூரில் நிற்கின்றது. அடுத்த தலைமுறைக்குள் பேராக்கின் காடுகள் பால்மரக் காடுகளாயின. அவற்றில் உழைக்கக் கங்காணிகள் வழியாகத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கப்பலேறினர். 1938-இல் இந்திய அரசு அம்முறையிலான ஆள்சேர்ப்புக்குத் தடை விதிக்கும் வரை அது தொடர்ந்தது.

பால்மரத்திற்கு ஓர் இயல்பு உண்டு. இரவின் குளிர்ச்சியில் பட்டையினுள் இருக்கும் குழாய்களில் பாலின் அழுத்தம் மிகும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை ஆவியாக வெளிவிடுவதால் அவ்வழுத்தம் குறையும். ஆதலால் விடியற்காலையில் வெட்டினால்தான் பால் நன்கு வழியும். அந்த இயல்பே தொழிலாளியின் நாளையும் வகுத்தது. இருள் விலகுமுன் மணி ஒலிக்கும். ஆணும் பெண்ணும் கத்தியும் வாளியுமாக வந்து வரிசையில் நிற்பர். கிராணியின் கையில் பேரேடு இருக்கும். பெயர் கூப்பிடப்படும்; குரல் கொடுக்க வேண்டும். குரல் எழாத பெயருக்கு அன்றைய கூலி இல்லை. இதுவே பெரட்டு.

அங்கே காட்டப்பட்டது யாது? மனிதரே காட்டப்பட்டனர். எத்தனை கைகள் வந்தன, எத்தனை மரங்களுக்கு ஆள் உண்டு என்று எண்ணுவதற்காக மனிதர் மற்றவர்முன் நிறுத்தப்பட்டனர். வீட்டில் காய்ச்சலாய்க் கிடக்கும் குழந்தை அந்த எண்ணிக்கையில் தோன்றாது. முதல் நாள் இறந்த உறவினரின் துக்கமும் அதில் தோன்றாது. நின்றவர் அனைவரும் கண்ணுக்குத் தெரிந்தனர். ஆனால் எவரும் பார்க்கப்படவில்லை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டினை நெஞ்சில் இருத்துதல் நலம்.

அம்மன் புறப்பட்ட நாள்

அதே மக்களுக்கு ஆண்டில் ஒரு முறை வேறொரு வரிசை வாய்த்தது. லயங்களுக்கு அருகே மரத்தடியில் முதலில் ஒரு கல்லாகவும், பின்னர்த் தகரக் கூரையின்கீழ்ச் சிறு கோயிலாகவும் எழுந்தருளிய மாரியம்மனின் திருவிழாவே அது. காப்புக் கட்டியது முதல் தோட்டமே விரதம் காக்கும். கரகம் எடுப்பர், தீ மிதிப்பர், கூழ் வார்ப்பர். இரவில் அம்மன் அலங்காரத்துடன் லயம் லயமாகப் புறப்பட்டு வருவாள்.

பெரட்டில் மக்கள் சென்று துரையின்முன் நின்றனர். ஊர்வலத்திலோ தெய்வம் மக்களின் வாசலைத் தேடி வந்து நின்றது. நடக்க இயலாத முதியவர் திண்ணையில் இருந்தவாறே கைகூப்பினார். பிள்ளை பெற்ற தாய் கதவருகே நின்று கண்டாள். கோயிலுக்குள் வர இயலாத எவருக்கும் வீதியிலே தரிசனம் கிடைத்தது. மூலவரைக் கருவறையில் வைத்த ஆகம மரபு, உற்சவரை வீதிக்குக் கொண்டு வந்ததன் உட்கருத்து இதுவேயாகும். இறைவன் தன்னைக் காட்டுவது தன் பெருமையை நிலைநாட்ட அன்று; தன்னைக் காண வர இயலாதவனுக்கும் காட்சி தருவதற்காகவே.

செலவுக்கு வழி என்ன? பல தோட்டங்களில் கோயிலுக்கென்று மாதந்தோறும் ஒவ்வொருவர் சம்பளத்திலும் ஒரு சிறு தொகை பிடித்தம் செய்யப்பட்டது. பெரட்டில் பெயர் படித்த அதே பேரேடே அதற்கும் கணக்காயிற்று. எல்லாரும் கொடுத்தமையால் எவருடைய பெயரும் தனித்து எழவில்லை. அம்மன் பொதுச் சொத்தாக இருந்தாள்.

எனினும், அந்நாளில் குறையே இல்லை என்று கூறுவது உண்மையாகாது. துரைக்கு மாலை சூட்டிய பின்பே தேர் நகர்ந்த இடங்கள் உண்டு. பெரிய கங்காணிக்கே முதல் மரியாதை என்ற வழக்கமும் உண்டு. யார் முன்னே, யார் பின்னே என்று சாதியின் பெயரால் எழுந்த சச்சரவுகளும் உண்டு. காலைப் பெரட்டின் நிழல் இரவு ஊர்வலத்தின்மேலும் சிற்சில வேளைகளில் படியவே செய்தது. ஆதலின், பழமையைப் புகழ்வது மட்டும் போதாது. அதில் எது தெய்விகம், எது பெரட்டு என்று பகுத்துக் காண்பதே அறிவுடைமை.

காட்டுதலும் பகட்டுதலும்

வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த இரு சொற்கள் இவ்விடத்தில் துணை செய்யும். இன்று வீண் பகட்டைக் குறிக்கும் ‘ஆடம்பரம்’ என்னும் சொல், முதலில் ஒரு வகை முரசையும் அதன் பேரொலியையும் குறித்தது. உள்ளே வெறுமையாக இருப்பதனால்தான் முரசு ஓங்கி ஒலிக்கின்றது என்பது கருதத்தக்கது. ‘படாடோபம்’ என்பதன் முதற்பொருள் பாம்பு படத்தை விரித்தல் ஆகும். தன் உருவத்தைப் பெரிதாகக் காட்டிப் பிறரை அஞ்சச் செய்யும் செயல் அது.

ஆங்கிலத்திலும் பகட்டைக் குறிக்க ‘ஆஸ்டென்டேஷன்’ என்றொரு சொல் உண்டு. முன்னே நீட்டிக் காட்டுதல் என்பது அதன் இலத்தீன் மூலப்பொருள். அம்மொழியில் மயில் கூட்டத்திற்கும் அச்சொல்லையே பெயராக இட்டுள்ளனர். தோகை விரித்தாடும் பறவைக்கு அது பொருத்தமான பெயரே. ஆயின் சைவ மரபு மயிலை எவ்வாறு கண்டது? சூரபதுமன் செருக்கின் வடிவம். அவன் மாமரமாகி நின்றபோது முருகப் பெருமானின் வேல் அவனை இரு கூறாக்கியது. ஒரு கூறு சேவலாகிக் கொடியில் அமர்ந்தது. மறு கூறு மயிலாகி ஊர்தியாயிற்று. தோகை அழியவில்லை, அதன் அழகும் குறையவில்லை. ஆனால் அது இப்போது தன்னைச் சுமக்கவில்லை, பெருமானைச் சுமக்கின்றது. காட்சி குற்றமன்று, யாரைச் சுமந்து காட்டுகிறோம் என்பதிலேதான் குற்றமும் குணமும் அமைந்துள்ளன.

திருவள்ளுவர் தவக்கோலத்தை வெளியே காட்டி உள்ளே மாறாக ஒழுகுவோரைக் கடிந்துரைக்கக் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். பகவத் கீதையின் 17-ஆம் அத்தியாயம், பலனை நாடியும் பகட்டுக்காகவும் செய்யப்படும் வேள்வியை இராசத வேள்வி என்று பிரித்து வைத்தது. வேள்வி ஒன்றே, நெஞ்சின் நோக்கு மாறியதால் தரமும் மாறியது.

ஊர்வலத்தின்முன் மூன்று கேள்விகள்

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போயின. துண்டாடலால் வாழ்விழந்தோர்க்கு உதவும் நோக்கில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. எனினும் மக்கள் நகரை நோக்கி வந்துகொண்டே இருந்தனர். ரப்பர் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கின்றது. வேறு சிலவற்றில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. பெரட்டு மணி ஓய்ந்தது. ஊர்வலம் மட்டும் மக்களோடு கூடவே நகருக்கு வந்தது.

ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று ஈப்போவில் புந்தோங் மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் வரை பால்குடங்களும் காவடிகளும் செல்கின்றன. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் தேர் ஓடுகின்றது. இவையனைத்தும் இந்நாட்டுத் தமிழரின் பெருஞ்செல்வங்கள். ஆயினும் காவடியின் உயரமும் ஒலிபெருக்கியின் ஓசையும் பதாகைகளில் மின்னும் பெயர்களும் ஆண்டுக்கு ஆண்டு பெருகுவது கண்டு பெரியோர் வருந்துகின்றனர். 1965-இல் தோன்றிய மலேசிய இந்து சங்கமும் சமய நெறிக்குட்பட்ட எளிய காவடிகளையே எடுக்குமாறு பல முறை அறிவுறுத்தியுள்ளது.

அச்சொல்லில் அடங்கிய மூன்று பொருள்களையும் மூன்று கேள்விகளாக்கிக் கொண்டால் வழி தெளிவாகும்.

முதற்கேள்வி: ஆயத்தம் உண்டா? காவடியின் சிறப்பு அது வீதியில் செல்லும் சில மணி நேரத்தில் இல்லை. ஒரு மண்டலம் எனப்படும் 48 நாள்களோ, தம்மால் இயன்ற நாள்களோ நோற்ற விரதத்தில் இருக்கின்றது. புலால் தவிர்த்து, சினம் அடக்கி, தரையில் படுத்துறங்கிய நாள்களை வீதியில் எவரும் காண்பதில்லை. காணப்படாத அந்நாள்களே காணப்படும் காவடிக்கு வேர். வேரின்றிப் பூத்தவை காகிதப் பூக்கள்.

இரண்டாம் கேள்வி: ஊர்வலம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கின்றதா? மண்டகப்படி தோறும் சுவாமி நின்று வழிபாடு ஏற்பது மரபு. தேர் இருக்கும் இடத்திற்கே ‘நிலை’ என்று பெயர். வசதி படைத்தோர் வாயிலில் நெடுநேரம் நின்று, எளியோர் குடியிருப்பை விரைந்து கடக்கும் ஊர்வலம் அம்மரபின் பயனை இழந்துவிடுகின்றது. தட்டில் வைக்க ஏதுமின்றி ஒரு சூடம் மட்டும் ஏற்றி நிற்கும் மூதாட்டியின் வாசலில் இரண்டு நிமிடம் நிற்பதே தோட்டத்து மாரியம்மன் கற்றுத் தந்த பாடம். அவள் வீட்டுக்கு வழி குறுகியதாயின், வாகனத்தை நிறுத்திவிட்டுத் தீபாராதனைத் தட்டையாவது அங்கே கொண்டு செல்லலாம்.

மூன்றாம் கேள்வி: யார் காட்டப்படுகின்றார்? சுவாமியா, உபயக்காரரா? உபயம் செய்வோரை மதித்தல் நன்று. அவர்களின்றித் திருப்பணிகள் நடவா. ஆனால் கொடுத்த தொகையின் வரிசையில் பெயர்களைப் படிப்பது, காலை இருளில் படிக்கப்பட்ட பேரேட்டினை மீண்டும் ஆலயத்திற்குள் கொண்டு வருவதாகும். அங்கே உழைப்பு எண்ணப்பட்டது. இங்கே பணம் எண்ணப்படுகின்றது. பேரேட்டில் இல்லாதவர் இரண்டு இடத்திலும் இல்லாதவரே. வேலை இழந்ததால் இவ்வாண்டு உபயம் எடுக்க இயலாத ஒருவர் கூட்டத்தின் பின்வரிசையில் தலைகுனிந்து நிற்கக்கூடும். அவருடைய தாத்தாவின் சம்பளப் பிடித்தமும் சேர்ந்தே அம்மனுக்கு முதற்கூரை வேய்ந்தது என்பதை எவரும் மறத்தலாகாது.

இதற்குப் பெரும் புரட்சி ஏதும் வேண்டா. உபயக்காரர் பெயர்களைத் தொகையின்றி அகர வரிசையில் அச்சிடலாம். பதாகைகளில் ஒன்றிரண்டைக் குறைத்து, அப்பணத்தைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் நூல்களுக்கு ஒதுக்கலாம். அர்ச்சனைக்குரிய பெயர்களை வந்த வரிசைப்படியே அழைக்கலாம். காவடி எடுக்கும் இளைஞர்களுக்குத் திருவிழாவிற்கு முன்பே தேவாரம், திருப்புகழ் வகுப்பு நடத்தி விரதத்தின் பொருளை உணர்த்தலாம். இவை சிறியவை, ஆனால் பெரட்டினை ஊர்வலமாக்க வல்லவை.

பூசலார் காட்டிய வழி

நிறைவாக, சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் பாடிய பூசலார் நாயனாரின் வரலாற்றை எண்ணுதல் பொருத்தமாகும். தொண்டை நாட்டுத் திருநின்றவூரில் வாழ்ந்த அவ்வடியார் சிவபெருமானுக்குக் கோயில் எடுக்க விழைந்தார். கையில் பொருளில்லை. பலரிடம் கேட்டும் கிட்டவில்லை. ஆகவே மனத்திலேயே பொருள் சேர்த்தார். தச்சரையும் சிற்பியரையும் மனத்திலேயே அழைத்தார். நல்ல நாளில் அடிநிலை இட்டார். இரவும் கண் துஞ்சாமல் விமானமும் மதிலும் குளமும் அமைத்தார். குடமுழுக்கிற்கு நாளும் குறித்தார்.

அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னர் காடவர்கோன் தாம் எழுப்பிய கற்கோயிலுக்குக் குடமுழுக்குக் குறித்திருந்தார். முதல் நாள் இரவு இறைவன் மன்னர் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் தன் நெஞ்சில் எழுப்பிய கோயிலில் நாளை யாம் புகுவோம், நீ வேறு நாள் கொள்வாயாக என்று அருளினார். மன்னர் திருநின்றவூருக்கு விரைந்து, பூசலார் எடுத்த கோயில் எங்கே என்று வினவினார். அப்படியொரு கோயிலை அவ்வூரில் எவரும் கண்டதில்லை. அடியாரையே கண்டு உண்மை அறிந்தபோது, மன்னர் அவர் திருவடியில் விழுந்து வணங்கினார்.

மெய்யன்பர்களே! இவ்வரலாற்றைக் கூறுவோர் பலரும், வெளிக்கோயிலை விட மனக்கோயில் உயர்ந்தது என்று கூறி நிறுத்திவிடுவர். ஆழ்ந்து நோக்கினால் இன்னொன்றும் விளங்கும். இறைவன் மன்னரின் கற்கோயிலை வெறுக்கவில்லை. அதில் புகமாட்டேன் என்றும் கூறவில்லை. நாளைத்தான் மாற்றச் சொன்னார். மனத்தில் ஆயத்தம் செய்தவனின் கோயிலுக்கு முதல் நாள். கண்ணுக்குக் காட்சியாக எழுந்த கோயிலுக்கு அடுத்த நாள். இரண்டிற்கும் இறைவன் வருகின்றான். வரிசை மட்டுமே வேறு.

இலத்தீன் வேர் கூறுவதும் இவ்வரிசையே. ஆயத்தம் முதலில் வரும். காட்சி பின்னரே வரும். துரைமார் அவ்வரிசையை மாற்றிக் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டனர், பெரட்டு பிறந்தது. அதன்கீழ் நின்ற எளிய மக்கள், ஆண்டில் ஓர் இரவு, விரதத்தை முன்வைத்துத் தெய்வத்தைத் தம் வாசலுக்கு அழைத்து அவ்வரிசையைச் செம்மைப்படுத்தினர். பள்ளி சென்று மொழி நூல் பயிலாத அவர்களே அச்சொல்லின் முழுப்பொருளையும் வாழ்ந்து காட்டியவர்கள்.

இன்று இரவு மணி ஒலிக்கும்போது எவரும் எவரையும் எண்ணப்போவதில்லை. பெயர் கூப்பிட்டுக் குரல் கொடுக்க வேண்டியதில்லை. வருகின்றவள் அன்னை. வரிசையில் முன் நிற்பவரையும் பின் நிற்பவரையும், வாசலில் சூடம் ஏற்றி நிற்பவரையும், படுக்கையிலிருந்து கைகூப்புபவரையும் அவள் ஒருங்கே காண்பாள். அத்திருப்பார்வைக்குத் தகுதியுடையதாக இவ்வூர்வலம் அமைக! தோட்டத்து மண்ணில் நின்ற முன்னோர்க்கு இதுவே உண்மையான நன்றிக்கடன் ஆகும்.

அன்னையின் அருளால் அனைவரும் நோயின்றி, குறைவின்றி, ஒற்றுமையுடன் வாழ்க!

வேலும் மயிலும் துணை.